சின்னப் பிள்ளைகளோடு புனித வாரம்: சனி இரவிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு

ஒவ்வொரு வருடமும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய பாஸ்கா இரவில் கோயில் வாசலுக்கு வெளியே நாலைந்து இளம் தாய்மார் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவதைப் பார்க்கிறேன். என் மூத்தவளோடு நானும் அப்படி உலாத்தியவள்தான். இப்போது மூன்றாவதுக்கு 4 வயது. ஞாயிறு மறைக்கல்வியில் சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையும் என்னிடம் இருப்பதால், யார் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

பிழை பெரும்பாலும் அந்த இரவில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய மூன்று நாளில் நடந்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் எங்கள் வன்னிக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் பொறுமையும் அவ்வளவுதான். வியாழனும் வெள்ளியும் வாரி இறைத்துவிட்டுச் சனி இரவு வாளியை விட்டால் சேறுதான் வரும். ஆகவே கணக்கைச் சனி இரவில் தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும்.

1. முதலில் முடிவெடுக்க வேண்டியது: சனி இரவுக்கு யார் போவது?

இந்தக் கேள்வியைத் தவக்காலத்தின் நடுப்பகுதியிலேயே வீட்டில் பேசிவிடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் பேசினால் சண்டையில்தான் முடியும்.

பாஸ்கா திருவிழிப்பு, அதாவது அந்தச் சனி இரவு வழிபாடு, இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. தீ மந்திரிப்பு, திரிப் பவனி, பாஸ்கா புகழுரை, பழைய ஏற்பாட்டு வாசகங்கள், அதற்குப் பிறகுதான் ‘உன்னதங்களிலே’ கீதமும் மணியும். முழு ஒழுங்கில் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் 7 வாசகங்கள். தேவைக்கேற்பப் பாதர் அதைக் குறைக்கலாம், ஆனால் 3க்குக் கீழே போக முடியாது. செங்கடலைக் கடந்த வாசகத்தை விடவே முடியாது. எப்படிப் பார்த்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பு இது. ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தை பரவாயில்லை, மடியிலேயே தூங்கிவிடும். 5 வயதுக்கு மேற்பட்டது, மத்தியானம் நன்றாகத் தூங்கியிருந்தால் சமாளிக்கும். நடுவில் இருக்கிற 2, 3 வயதுதான் சிக்கல். அந்த வயதில் பிள்ளை இருந்தால் ஒருவர் இரவுக்குப் போங்கள், மற்றவர் ஞாயிறு காலைப் பூசைக்குப் போங்கள். காலைப் பூசையும் உயிர்ப்புப் பெருவிழாப் பூசைதான், அதில் ஒரு குறையும் இல்லை. “குடும்பமாகப் போகாவிட்டால் சனம் என்ன நினைக்கும்?” என்று கேட்கிற மாமிமார் இருப்பார்கள். பிள்ளை ஒன்பது மணிக்கு வீரிட்டு அழும்போது திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பதும் அவர்கள்தான்.

2. நேரங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

வன்னியில் ஒரு பங்குத்தந்தையிடம் பல கோயில்கள் இருக்கும். பங்குக் கோயிலில் ஒரு நேரம், துணைக் கோயிலில் வேறொரு நேரம். திருவிழிப்பு பங்குக் கோயிலில் மட்டும் நடக்கலாம். சில இடங்களில் முன்னிரவிலேயே தொடங்கிவிடும், சில இடங்களில் நள்ளிரவை ஒட்டித்தான். போன வருடம் நடந்த நேரத்தை நம்பிப் போய் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

திகதியும் வருடத்துக்கு வருடம் மாறும். 2026இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28க்கே வந்துவிடும். 2028இல் ஏப்ரல் 16. அந்த வருடம் பெரிய வெள்ளி 14ஆம் திகதி என்பதால் புதுவருடக் கொண்டாட்டத்துக்குள்ளேயே வந்து விழும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

3. மூன்று கிழமைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

முதலாவது உடுப்பு. தைக்கக் கொடுப்பதென்றால் இப்போதே கொடுங்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் தையல்காரர் புதுவருட ஓடருக்குள் மூழ்கிவிடுவார், உங்கள் சட்டைக்குப் பொத்தான் வைக்க ஞாயிறு விடிந்துவிடும். துணி பருத்தியாக இருக்கட்டும். கடையில் தொங்குகிற நெட் வைத்த வெள்ளைச் சட்டை பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அது கழுத்திலும் கக்கத்திலும் உராய்ந்து வியர்க்குருவைக் கிளப்பும். அதைவிட முக்கியம், நைலோன் துணியில் மெழுகுதிரி பட்டால் சட்டென்று பற்றி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அன்றிரவு பிள்ளையைச் சுற்றி நூறு திரி எரியப்போகிறது.

புதுச் செருப்பு வாங்கினால் ஒரு கிழமையாவது வீட்டுக்குள் போட்டு நடக்க விடுங்கள். குதிக்கால் உரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த வழிபாடும் பார்க்க முடியாது.

இரண்டாவது, இரவுப் பயணம். ஓட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த ஒரு இரவுக்கு எல்லாருக்கும் ஓட்டோ தேவை. மோட்டார் சைக்கிளில் நாலு பேராகப் போய், தூங்கி விழுகிற பிள்ளையை நடுவில் இறுக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் திரும்புவது எங்கள் ஊர்களில் சாதாரணம். அதனால் அது நல்லதாகிவிடாது. பகல் சூடு ஏறிய தார் ரோட்டில் கட்டாக்காலி மாடுகள் இரவில் வந்து படுத்திருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கம் என்றால் யானையும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது. புனித வாரத்துக்குள் போனால் வரிசை நீளம். பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் நிற்பதற்குப் பதில் அதற்கு முந்தைய கிழமை, ஒருவர் மாறி ஒருவராகப் போய் வந்துவிடுங்கள்.

4. குருத்து ஞாயிறு

இந்த நாளைப் பிள்ளைகளுக்கு முழுதாக விட்டுக்கொடுங்கள். கையில் பிடிக்க ஒன்று, நடக்க ஒரு பவனி, பாட ஒரு பாட்டு. வாரத்திலேயே அவர்களுக்கு மிகப் பொருந்திய நாள் இதுதான்.

வீட்டிலிருந்து குருத்தோலை கொண்டு போவதென்றால் முந்தின நாள் பின்னேரம் எடுத்து ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். வெயிலில் கிடந்தால் காலைக்குள் ஓரம் சுருண்டு பழுப்பாகிவிடும். இளம் தென்னங்கன்றின் நடுக்குருத்தில் கை வைக்க வேண்டாம், கன்று போய்விடும். கோயிலில் கொடுப்பதை வாங்கிக்கொண்டாலே போதும்.

சின்னவர்கள் கைக்கு முழு ஓலையைக் கொடுப்பது வழக்கமான பிழை. பத்து நிமிடத்தில் அது வாளாகிவிடும். முன்வரிசை அம்மம்மாவின் கொண்டையிலிருந்து பக்கத்துப் பிள்ளையின் கண் வரைக்கும் எங்கும் போகும். ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஒரு சாண் நீளத்தில் நுனியை மழுக்கி வெட்டிக் கொடுங்கள். ஓரம் கையைக் கீறாமல் இருக்க விரலால் ஒருமுறை நீவிவிடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு துண்டைக் குறுக்காக வைத்து, மூன்றாவது நாரால் கட்டினால் சிலுவை. 4 வயதுக்காரன் கட்டுகிற சிலுவை கோணலாகத்தான் வரும். அதையே படத்துக்கு மேல் செருகுங்கள், நீங்கள் திருத்தப் போக வேண்டாம்.

அன்று பாடுகளின் வரலாறு நீளமாக வாசிக்கப்படும். எல்லாரும் நிற்கும்போது பிள்ளை இருக்கட்டும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

5. பெரிய வியாழன்: பாதம் கழுவியதும் பாதி வேலை முடிந்தது

பாதம் கழுவுவது பிள்ளைகளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற விசயம். முன்னுக்கு, ஓரமாக இருந்தால் நன்றாகப் பார்க்கலாம். போவதற்கு முன் வீட்டில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து அண்ணன் தம்பியின் காலையும், தம்பி அப்பாவின் காலையும் கழுவட்டும். கோயிலில் அது நடக்கும்போது, “எங்கட வீட்டில செய்தது!” என்று அதுவே உங்களிடம் திரும்பிச் சொல்லும்.

பூசைக்குப் பிறகு ஆராதனைக்கு நிற்க வேண்டாம். ஐந்து நிமிடம் முழங்காலில் இருந்துவிட்டுப் பிள்ளையோடு வீட்டுக்குப் போங்கள். ஆசைப்பட்டு இரவு 10 மணி வரை வைத்திருந்தால் அந்தத் தூக்கக் கடன் வெள்ளி முழுக்கச் சிணுங்கலாக வரும்.

6. பெரிய வெள்ளி: சாப்பாடு, வெயில், அழுகை

மூன்றையும் இந்த ஒழுங்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. ஒருசந்திக் கடமை (ஒரு நேரம் மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுவது) 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது வரை. இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. சின்னப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிற தாய்மாரையும் சபை வற்புறுத்துவதில்லை. இருந்தும் ஒவ்வொரு வருடமும் ஒரு தாய் வெறும் வயிற்றோடு பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வெயிலில் சிலுவைப்பாதை நடந்து மயங்கி விழுவதைப் பார்க்கிறோம். பிள்ளைக்கு வழமையான நேரத்தில் வழமையான சாப்பாடு கொடுங்கள், மரக்கறியோடு. ஒறுத்தல் என்றால் என்னவென்று பழக்க விரும்பினால், அன்று ரொபி இல்லை, தொலைக்காட்சி இல்லை என்று ஏதாவது ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்க விடுங்கள். தானாக விட்டதுதான் அதன் மனதில் நிற்கும்.

வெயில். இந்த மாதங்களில் எங்கள் பக்கம் 34, 35 பாகை செல்சியஸ் என்பது அதிசயமில்லை. பிற்பகல் 3 மணி வழிபாடு சரியாக அந்தச் சூட்டில் வருகிறது. அதனால் காலையில் வெளியே நடக்கும் சிலுவைப்பாதை, பிற்பகல் வழிபாடு இரண்டில் ஒன்றை மட்டும் பிள்ளைக்கு வையுங்கள். நான் காலைச் சிலுவைப்பாதையைத்தான் தெரிவு செய்வேன், அதிலும் 14 நிலையும் இல்லை. ஒரு மூன்று, நாலு நிலை நடந்துவிட்டு நிழலுள்ள இடத்தில் விலகிக்கொள்ளலாம். பெரியவர்கள் நேர்த்திக்கு வெறுங்காலோடு நடப்பார்கள், பிள்ளைக்குச் செருப்பு இருக்கட்டும். தார் ரோடு சின்னப் பாதத்தைக் கொப்புளமாக்கிவிடும்.

போத்தலில் கொதித்தாறிய தண்ணீர், தொப்பி, நனைத்த துவாய் ஒன்று. வீட்டில் ஒரு ஜீவனிப் பக்கற்றும் (உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் கொடுக்கிற உப்பு, சீனித் தூள்) வைத்திருங்கள். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றை ஒரு கோப்பையில் கண்ணளவில் கலக்கிக் கொடுப்பது பிழை, உப்பின் அளவு மாறிவிடும்.

அழுகை. இதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

வெள்ளி வழிபாடு மௌனத்தில் தொடங்கும். பாதர் பலிப்பீடத்துக்கு முன்னால் முகங்குப்புற விழுந்து கிடப்பார். என் இரண்டாவது மகன் 3 வயதில், அந்த நிசப்தத்துக்குள், “அம்மா, பாதர் விழுந்திட்டார், தூக்குங்கோ!” என்று கத்தினான். கோயிலே குலுங்கியது. அன்றிலிருந்து வீட்டிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதர் படுப்பார், மணி அடிக்காது, பீடத்தில் துணி இருக்காது, சிலுவையைத் துணியால் மூடிக் கொண்டு வருவார்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை பயப்படாது.

சிலுவையை விடப் பிள்ளையைப் பயமுறுத்துவது அம்மம்மாவின் கண்ணீர். ஆண்டவரின் பாடுகளைப் புலம்பிப் பாடுகிற பசாம் படிக்கும்போது, அவரின் உடலை இறக்கும்போது, வயதான பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். எங்கள் மண்ணில் அந்த அழுகை ஆண்டவருக்காக மட்டும் வருவதில்லை. 2009 போரில் அடக்கம் செய்யவும் முடியாமல் விட்டுவந்தவர்களும் அந்த ஒப்பாரிக்குள் இருப்பார்கள். பிள்ளைக்கு அதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. “அம்மம்மாவுக்குக் கவலையான ஞாபகம் வந்தது, அழுது முடிய முகம் கழுவிக்கொண்டு வருவா” என்றால் போதும். பிறகு அம்மம்மாவே வந்து அதைத் தூக்கட்டும். அந்த ஒன்று நூறு விளக்கத்துக்குச் சமம்.

“ஏன் யேசுசாமியைக் கொன்றார்கள்?” என்று கேட்டால் 3, 4 வயதுக்கு ஒரு வரி: “அவர் நல்லதைச் சொன்னார், சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஞாயிறு எழும்பிவிடுவார்.” ஞாயிறைச் சொல்லாமல் வெள்ளியோடு கதையை நிறுத்தாதீர்கள். பெரியவர்களுக்கு முடிவு தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அது இரண்டு இரவு அந்தப் பிணத்தோடு படுக்கப் போகும். “நீ குழப்படி செய்ததால்தான் யேசு செத்தவர்” என்று சொல்பவர்களை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

7. சனிப் பகல்: மணிக்கூட்டைப் பார்த்து நடத்த வேண்டிய ஒரே நாள்

காலையில் விளையாட விடுங்கள், களைக்கட்டும். சமையல், வீடு கூட்டுவது, ஞாயிறுக்குத் தேங்காய் உரிப்பது எல்லாம் 11 மணிக்குள். மத்தியானச் சாப்பாடு 12க்கு. 1 மணிக்குப் பிள்ளையைக் கிடத்திவிடுங்கள், வீட்டில் வேறு சத்தம் இருக்கக் கூடாது. இரண்டு மணித்தியாலத் தூக்கம் கிடைத்தால் இரவில் பாதி வெற்றி.

பெரும்பாலான வீடுகளில் இந்த நேரத்தில்தான் நாளைக்குக் கறிக்கு நிற்கிற சேவலைப் பிடிக்கத் துரத்துவார்கள். பிள்ளை எழும்பிவிடும். அது ஆறு மாதமாகத் தீன் போட்ட சேவல் என்றால் அன்றைக்கு வேறு கதை. கடையில் வாங்குங்கள், அல்லது பிள்ளைக்குப் பெயர் தெரியாத கோழியாகப் பாருங்கள்.

பின்னேரம் 4க்குக் குளிப்பு. 6 மணிக்கு முன் வயிறு நிறையப் புட்டோ சோறோ. இடியப்பமும் சொதியும் மட்டும் என்றால் இரண்டு மணித்தியாலத்தில் பசிக்கும். உடுப்பைப் புறப்படும்போது மட்டும் போடுங்கள்.

ஏப்ரலில் பின்னேர இடிமழை சாதாரணம். தீ மந்திரிப்பு வெளியே நடப்பதால் ஒரு குடையும், பிள்ளைக்கு மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். மின்னல் இருந்தால் மரத்தடியில் நிற்க வேண்டாம், நேரே கோயிலுக்குள் போய்விடுங்கள்.

8. சனி இரவு

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாட்களில் கோயில் வாசலில் பை திறந்து பார்ப்பது வழமையாகிவிட்டது. ஆகவே சின்னப் பை, திறந்து காட்டச் சுலபமாக. உள்ளே தண்ணீர், வாழைப்பழம் இரண்டு, நொறுங்காத பிஸ்கட், பனையோலை விசிறி, துவாய், விரிக்க ஒரு பழைய சேலை, நுளம்புக்குப் பூசுகிற களிம்பு. மடுத் திருவிழாவுக்குப் போய்க் கூடாரத்தில் தங்கிப் பழகிய குடும்பங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சத்தம் போடும் விளையாட்டுப் பொருளும் போனும் வேண்டாம். இருட்டில் போன் வெளிச்சம் பத்து வரிசைக்குத் தெரியும்.

அரை மணித்தியாலம் முன்னால் போய்ப் பக்கக் கதவுக்கு அருகில் இடம் பிடியுங்கள். முன்வரிசை வேண்டாம், வெளியேற முடியாது. கடைசி வரிசையும் வேண்டாம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தெரியாவிட்டால் அது தன் வேலையைத் தொடங்கும்.

மெழுகுதிரி. 5 வயதுக்குக் கீழே தனித் திரி கொடுக்காதீர்கள். தாயின் கையைப் பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். பெரிய பிள்ளைக்கு அரைச் சிரட்டையின் கண்ணைத் துளைத்துத் திரியைச் செருகிக் கொடுங்கள். மெழுகு கையில் சொட்டாது, காற்றும் அணைக்காது. கடதாசிக் கோப்பை தீப்பிடிக்கும், சிரட்டை அவ்வளவு இலகுவில் பிடிக்காது. பெண் பிள்ளைகளின் தலைமுடியைப் பின்னிக் கட்டிவிடுங்கள். திரியைப் பாஸ்கா புகழுரை முடிய அணைத்துப் பையில் வையுங்கள், திருமுழுக்கு வாக்குறுதியின்போது மறுபடி தேவைப்படும்.

வாசகங்களின்போது சேலையை விரித்துப் படுக்க விடுங்கள். தூங்கினால் தூங்கட்டும். ‘உன்னதங்களிலே’க்குக் கொஞ்சம் முன்னால் தட்டி எழுப்புங்கள். மின்விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து, வியாழனிலிருந்து பேசாமல் கிடந்த மணி அடிக்கும். பல கோயில்களில் திரை விலகி உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் தெரியும். இதற்காகத்தான் மூன்று நாள் பொறுமையைச் சேர்த்து வைத்தோம்.

ஆனால் சில இடங்களில் அதே நேரம் வெளியே வெடி கொளுத்துவார்கள். “இப்ப வெடி கேட்கும், அது சந்தோச வெடி” என்று காதோடு சொல்லி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் அம்மப்பா இருந்தால் அவருடைய கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்குப் பதறுவது பிள்ளைகள் மட்டுமல்ல. என்னைக் கேட்டால் வெடியே வேண்டாம், மணி போதும். பங்குச் சபையில் இதைச் சொல்லி மூன்று வருடமாகிறது, சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மணிக்குப் பிறகு பிள்ளை தாங்காவிட்டால் ஒருவர் அதை வெளியே கொண்டு போய் ஓட்டோவிலோ விறாந்தையிலோ கிடத்துங்கள். யார் என்று முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். பூசை நடுவில் கண்ணால் சண்டை போடக் கூடாது.

9. ஞாயிறு

காலை 9 மணி வரை யாரையும் எழுப்ப வேண்டாம். விருந்தை மத்தியானத்துக்கு வையுங்கள், காலைக்குப் பாணும் சம்பலும் போதும்.

கொழும்பிலிருந்து உறவினர் சொக்லேட் முட்டை கொண்டுவந்தால் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். கிளிநொச்சி வரும்போதே அது பாதி கூழ். அதற்குப் பதில் அவித்த முட்டையைப் பீற்றூட் அவித்த தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ கொஞ்சம் வினாகிரி விட்டு ஊற வைத்தால் நிறம் பிடிக்கும். பிள்ளைகளே செய்வார்கள். அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும், எங்கள் சூட்டில் அவித்த முட்டை வெளியில் தாங்காது.

அயல் வீடுகளுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள். எங்களைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் சைவக்காரர், பெரிய வியாழனிலிருந்து உங்கள் வீட்டுப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இறைச்சிக் கறி கலக்காத தட்டாக, பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினால் நல்லது. 2028 போலப் பெரிய வெள்ளியன்று பயற்றம் பணியாரமும் முறுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து வந்தால் “இன்றைக்கு ஒருசந்தி” என்று திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி ரின்னில் போட்டு மூடுங்கள். சின்னது கேட்டால் ஒன்றைக் கொடுங்கள், மிச்சம் ஞாயிறு வரை இருக்கும். இருந்தால்.